சுடாத துப்பாக்கியை இறக்காதே

தம்பி,

நீ கேட்ட நற்சான்றுக் கடிதத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். "என் மகன் கவனமானவன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. ஆய்வகத்தில் நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். சோயா சாஸிலும் மீன் உருண்டையிலும் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவது. நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட எனக்குத் தெம்பில்லை. அதிலும் இந்த முறை நான் பார்த்துவிட்டேன். அதனால் அந்த ஒரு வரியையும் அழித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். உன் கிளப்புக்கு நான் எதுவும் எழுதித் தரப்போவதில்லை. காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தைத் தன்னிடம் சுடப் பழகுகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்கிறாள் என் தோழி ஃபரீதா. ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

வேலை கிடைத்து நீ நியூசிலாந்து போனபோது அங்கே குளிரில் தனியாகக் கிடப்பாயே என்றுதான் கவலைப்பட்டேன். துப்பாக்கி கிளப்பில் சேருவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பள்ளியிலிருந்தே காற்றுத் துப்பாக்கி சுட்டவன். ஆனால் குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து உள்ளே தள்ளி, தீபாவளிக் கேப்பு மாதிரி ஒரு சின்ன செம்புத் தொப்பியைப் பொருத்திச் சுடுகிற அந்தப் பழங்காலச் சாமானை எடுப்பாய் என்று நினைக்கவில்லை. "அம்மா, உங்க காத்துத் துப்பாக்கி மாதிரி இல்லம்மா இது. புகை வருது, நாத்தம் வருது, செம்மையா இருக்கு லா" என்றாய். "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே இதைவிட நல்ல துப்பாக்கி வந்துடுச்சுன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கைபேசியைப் பின்னால் முக்காலியில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினாய். நான் கிண்டல் செய்தபடியே அதைப் பார்த்து, தோள் ஏறியிருக்கிறது, சுட்டவுடன் தலையைத் தூக்கிவிடுகிறாய் என்றெல்லாம் பதில் அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் வாரத்தில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அது ஒன்றைத்தான்.

உனக்கு யோசனை சொல்ல நான் மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. கிளப்பில் உன் பக்கத்து மேசையில் உட்காருகிற டக் என்ற பெரியவர், மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போடு, குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் ஒன்று கூடும் என்றார். இணையத்தில் ஒருவர் துணியைத் தடிமனாக்கச் சொன்னார். இன்னொருவர் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழலை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். அவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு சொன்னவர்கள்தான். தங்கள் துப்பாக்கிக்குச் சரியாக வந்ததைச் சொன்னார்கள். நீ அத்தனையையும் ஒரே காலையில் செய்து பார்த்தாய். ஒரு வாரம் நடுவட்டத்தில் விழுந்தது. அடுத்த வாரம் குறி அட்டையையே தொடவில்லை. எது உதவியது, எது கெடுத்தது என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் போதுமான அளவு சுட்டுப் பார், அப்புறம் அடுத்ததைத் தொடு என்று எழுதினேன். "சரி லா" என்று ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்பது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மாவரைத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது, கேப்பு சரியில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மைதான அதிகாரி உன்னை நிறுத்தி வைத்துவிட்டார், வருகிற சனிக்கிழமை குழு கூடி விசாரிக்கப்போகிறது என்றாய். "குழல் முன்பக்கமாத்தாம்மா இருந்துச்சு, வெடிச்ச வேகத்துலதான் திரும்பிடுச்சு. ஸ்கூல்லேர்ந்தே கவனமா சுடுறவன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா நல்லாருக்கும். நீங்க அங்க சுடுற ரேஞ்சுல அதிகாரியா இருந்தவங்க, மதிப்பாங்க." எப்போதும் போலப் படம் பிடித்தாயே, அதைக் கேட்டார்களா என்றேன். "கேட்டாங்க. அன்னைக்கு எடுக்கலன்னு சொல்லிட்டேன்." கிரைண்டர் நின்றது. நீ குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு அனுப்புறேன், பாருங்க, கேப்புதான் பிரச்சினைன்னு உங்களுக்கே தெரியும்" என்றாய். அனுப்பவும் செய்தாய். அதற்காக உன்மேல் இன்னமும் நம்பிக்கை வைத்திருக்கிறேன். மறைக்க நினைப்பவன் அம்மாவுக்கு அனுப்ப மாட்டான்.

அதைப் பலமுறை பார்த்தேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை, பார்த்தவன் பேசுகிற மாதிரி நீ பேசவில்லை. ஈரத்துணியை இரண்டு தடவை விட்டு எடுக்கிறாய். காயவைக்க உலர்ந்த துணி விடவில்லை, மருந்து போடுமுன் வெறும் கேப்பு ஒன்றை வெடித்து, தீ உள்ளே போகும் வழியை உலர்த்தவும் இல்லை. மருந்து, குண்டு, கம்பி, கேப்பு. தூக்குகிறாய், விசையை அழுத்துகிறாய். டிக் என்று மட்டும் கேட்கிறது. உள்ளே ஈரமான மருந்து பற்றலாமா வேண்டாமா என்று கனிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆடாமல் அசையாமல் குழலைக் குறிப்பலகையின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது உன் வகைத் துப்பாக்கியின் முதல் பாடம் என்று நீதான் எனக்கு முன்பு சொன்னாய். நீ காத்திருக்கவில்லை. ஒரு மூச்சு விட்டாய், துப்பாக்கியை இறக்கினாய், என்ன ஆயிற்று என்று பார்க்க உடம்பைக் கொஞ்சம் திருப்பினாய். அப்போது வெடித்தது. டக் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் துப்பாக்கிக்கு மருந்து அளந்துகொண்டிருந்தார். குண்டு அவர் மேசையின் காலைப் பிளந்துகொண்டு போனது. அவருடைய முழங்கால் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. புகை விலகியதும் அவர் எழுந்து வந்து உன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, குழல் முன்பக்கம் பார்க்க மேசையில் வைத்துவிட்டு, உன் தோளைப் பிடித்து "ஆர் யூ ஆல்ரைட், சன்?" என்று கேட்கிறார். நீ தலையை ஆட்டுகிறாய். அவரை நீ கேட்கவில்லை, தம்பி. படம் முடியும்வரை பார்த்தேன், நீ கேட்கவேயில்லை.

அப்பாவுக்கும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஆர்மில சொல்லிக் குடுத்திருப்பாங்க. சுடலன்னா உடனே சாய்ச்சுப் பாருன்னு. அந்தப் பழக்கம்லா" என்றார். எனக்கும் அப்படி நம்பினால் வசதியாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தது வேண்டுமானால் தேசியச் சேவைக்காக ராணுவத்தில் இருந்தபோது வந்த பழக்கமாக இருக்கலாம். அதற்கு முன்னால் அந்த மூச்சை விட்டு, முழங்கையை இடுப்போடு சேர்த்து, குழலைக் கீழே கொண்டுவந்த விதம் யாருடையது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினான்கு வயதில், ஃபேரர் பார்க்கில் நம் பழைய அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் நாம் பழகினோம் அல்லவா? வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் துடைப்பக் கட்டையின் நுனியில் அரிசிப் பை கட்டி, துணி காயப்போடும் கழிகளுக்கு நடுவே நீ நிற்பாய். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து, "இன்னைக்காச்சும் ஏதாச்சும் பறவை விழுந்துச்சா?" என்று தமிழில் கேட்டுவிட்டுப் போவார். நுனி ஆடினால் நான் சொல்வது ஒரே வார்த்தை: "இறக்கு." மூச்சு சரியில்லையா, இறக்கு. சந்தேகமா, இறக்கு. கெட்ட குண்டைச் சுடுவதைவிடச் சுடாமல் இறக்குவது மேல். காற்றுத் துப்பாக்கியில் அது சரியான பாடம். உன்னைப் பள்ளி அணியில் சேர்த்ததே அதுதான். சாப்பாட்டு மேசையில் நீ கோபமாகப் பேச ஆரம்பித்தால்கூட அப்பா "இறக்கு, இறக்கு" என்பார், நீ முறைத்துக்கொண்டே சிரித்துவிடுவாய்.

அந்தப் பழக்கம்தான் டக்கின் மேசைக்காலில் போய் நின்றது என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவது போதாது என்பதால் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ரேஞ்சுக்குப் போனேன். ஃபரீதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பல்கலைக்கழக அணியில் என் பக்கத்துத் தடத்தில் சுட்டவள், இன்னமும் வாரம் இரண்டு மாலை அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று காற்றுத் துப்பாக்கியைத் தயார் செய்து கையில் தருவது அவள் வேலை. சில தடவை குண்டு இருக்கும், சில தடவை வெறும் டிக் சத்தம் மட்டும் வரும். எது என்று எனக்குத் தெரியாது. டிக் மட்டும் கேட்டால் நான் ஆடாமல் அப்படியே நிற்க வேண்டும், அவள் "போதும்" என்று சொல்லும்வரை. என்ன செய்ய வேண்டும் என்று முழுதாகத் தெரிந்து, அதற்காகவே வந்து நிற்கிறவள் நான். முதல் டிக்கிலேயே இறக்கிவிட்டேன். "ஏய், என்னடி பண்றே?" என்றாள் ஃபரீதா. "தெரியாம வந்துடுச்சு." இரண்டாவது தடவையும் கை தானாகக் கீழே போனது. "உனக்குச் சொல்றது காதுல விழுதா இல்லையா? வயசாச்சுன்னா கண்ணுதான் போகும்னு நினைச்சேன்." கண்ணும் போய்விட்டது, அது வேறு கதை. குழல் நுனியிலுள்ள குறிமுள் எனக்கு இப்போதெல்லாம் பஞ்சு மாதிரி தெரிகிறது. பிறகு மெதுவாக, சத்தம் கேட்டதும் மனதுக்குள் "பலகை, பலகை" என்று சொல்லிக்கொண்டு குறியையே பார்த்து நின்றேன். தோள் எரிந்தது. ரேஞ்சை மூடுகிற நேரத்துக்குள் கை நிற்கக் கற்றுக்கொண்டது. பத்தில் எட்டு தடவை நின்றது என்று ஃபரீதா தாராளமாகச் சொல்கிறாள், நான் அவ்வளவு சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து தேக்கா சந்தைக்கு வந்து ஆளுக்கொரு தே ஹாலியா, இஞ்சித் தேநீர், வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஃபரீதாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "காரணம்தான் கிடைச்சிருச்சே. அதையே எழுதிக் குடுத்துட்டுப் போயேன். பிள்ளை தப்பில்ல, பழக்கம் அப்படின்னு." முடியாது என்று தலையை ஆட்டினேன். "என்னடி, சொந்தப் பிள்ளையவே விட்டுக்குடுக்கப் போறியா?" "அவன் படம் எடுக்கலன்னு சொல்லியிருக்கான், ஃபரீதா." அவள் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளும் அதிகாரியாக நின்றவள், அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பெரியவரு என்ன சொன்னாராம்?" என்று மட்டும் கேட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் தான் எதையும் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதாக நீ சொன்னதைச் சொன்னேன். "அப்ப உன் மகன் வாயில வர்றதுதான் சாட்சி" என்றாள் ஃபரீதா. இருவரும் வேறு எதையோ பேசினோம். எனக்கு எழுந்து பேருந்து நிறுத்தம்வரை நடக்கவே அலுப்பாக இருந்தது. பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டோம் என்று ஒரு வயதில் நினைக்கிறோம். அப்படி முடிகிற வேலை இல்லை போலிருக்கிறது.

நான் உனக்குத் தருவது காரணம். அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு போய்க் குழுவின் முன்னால் வைக்காதே. நான் பழக்கிய பழக்கம் உன் கையில் இருந்தது, உண்மை. வேறொரு துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது பழைய பழக்கத்தில் எது இதற்கு உதவும், எது ஆளைக் கொல்லும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியவன் நீ. மருந்தின் அளவைப் பற்றி, துணியின் தடிமனைப் பற்றி, குண்டின் ஈயத்தைப் பற்றி இத்தனை பேரிடம் கேட்டாய். வெடிக்காதபோது எப்படி நிற்பது என்று யாரிடமாவது நின்று காட்டச் சொன்னாயா? நானும் அதைக் கேட்கவில்லை. நாம் எல்லாரும் அட்டையில் விழுந்த ஓட்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இனி நீ செய்ய வேண்டிய பயிற்சி எளிது, அலுப்பானது. குழல் காலியாக இருக்கிறதா என்று கம்பியை விட்டுப் பார். மருந்தும் குண்டும் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். தூக்கு, விசையை அழுத்து, டிக் கேட்டதும் குறிமுள்ளைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு நில். கை நடுங்க ஆரம்பிக்கும், அதற்குப் பிறகும் நில். உன் கிளப்பில் எவ்வளவு நேரம் நிற்கச் சொல்கிறார்களோ அதைவிடக் கூடுதலாக நில். ஒவ்வொரு நாளும் செய். இதைச் செய்தால் சுட்டபின் தலையைத் தூக்குகிற உன் பழைய வியாதியும் தீரும், குண்டுகள் ஒன்று கூடும். ஈரத்துணி விட்டால் உலர்ந்த துணி விடு. யார் என்ன யோசனை சொன்னாலும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்கள் என்ன துப்பாக்கி சுடுகிறார்கள் என்று முதலில் கேள்.

சனிக்கிழமைக்கு முன்னால் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. படத்தைக் குழுவுக்கு அனுப்பு. முழுவதையும், வெட்டாமல். எடுக்கவில்லை என்று முன்பு சொன்னது பொய் என்று அதோடு ஒரு வரி எழுது. என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. அதை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன், நீ அனுப்பாவிட்டாலும் அனுப்ப மாட்டேன். உன்னை மிரட்டி உண்மை பேச வைத்தால் அது என்னுடைய உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நீ அனுப்பாவிட்டால், வாரா வாரம் நீ சுடுவதைப் பார்த்து யோசனை சொல்ல இனி என்னால் முடியாது. எந்தப் படத்தை எனக்கு முழுதாக அனுப்பினாய், எதை அனுப்பவில்லை என்று யோசித்துக்கொண்டே பார்ப்பதற்கு எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது, டக் வீட்டுக்குப் போ. குழு கூடும்வரை காத்திருக்காதே, அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது வேறு. எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. குழல் முன்பக்கம் இருக்கவில்லை, நான்தான் இறக்கினேன், உங்கள் பக்கம் திருப்பினேன் என்று சொல். கேப்பைப் பற்றியும், ஈரத்தைப் பற்றியும், அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கத்தைப் பற்றியும் அவராகக் கேட்டால் ஒழியப் பேசாதே. அன்றைக்குக் கேட்க மறந்ததையும் கேட்டுவிடு. அவர் கோபப்படலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் அன்றிரவு தூங்கினாரா என்று உனக்கும் எனக்கும் தெரியாது.

இவ்வளவும் செய்தபிறகு அவர்கள் உன்னை நீக்கிவிடலாம். பொய் சொன்னதற்காகவே நீக்கலாம், நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் அதைத்தான் யோசித்திருப்பேன். அப்படி நடந்தால் அநியாயம் என்று நானோ அப்பாவோ சொல்ல மாட்டோம் என்பதை இப்போதே தெரிந்துகொள். அப்பா வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று குழு நினைத்தால் என் எண்ணைக் கொடு, பார்த்ததைச் சொல்கிறேன். நீ வந்து சொன்னாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதி.

மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்றால் ஒரு மெசேஜ் போடு, போதும். சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் கூப்பிடு. இங்கே மணி என்ன என்று பார்க்காதே.

அம்மா